மழை விழுந்த உப்புப் பாத்தி

என் மகள் எஸ்தர் மரித்த மார்கழியிலிருந்து என் வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. ஊமையாகப் பிறந்தவர் அல்ல. பாட்டும் கேலியுமாக உப்பளம் முழுவதும் கேட்கிற குரல் அவருக்கு. அது ஒரே நாளில் நின்றுபோனது. பிள்ளையைப் புதைத்த துக்கம் ஒரு பக்கம், எதிரே உயிரோடு உட்கார்ந்திருந்தவரைப் பறிகொடுத்த துக்கம் ஒரு பக்கம். இரண்டில் எது பெரிதென்று அன்று என்னைக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. எங்கள் சபையில் பலருக்கு இதில் பாதி தெரியும். மீதியை நானே சொல்லவேண்டும் என்று ஆண்டவர் வெகு நாளாக என்னை நெருக்கிக்கொண்டிருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பாக்கியம். பெயரை வைத்து யாரும் ஏமாறவேண்டாம். பிறந்தது மாத்தூர். அப்பாவுக்கு நெல் விவசாயம். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தேன். பிறகு எண்ணூருக்கு வடக்கே உப்பளத்தில் வேலை செய்த சாமுவேலுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நான் சொல்லப்போவது பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் கழித்து நடந்தது.

எஸ்தருக்கு அப்போது நாலு வயது. ஒரு வாரமாகக் காய்ச்சல். கஷாயம் கொடுத்தோம், பற்றுப் போட்டோம், சபையார் வந்து ஜெபித்தார்கள். காய்ச்சல் இறங்கவே இல்லை. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்று கிளம்பினால் ரயில் போய்விட்டிருந்தது. அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க அவர் சம்மதிக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திருவொற்றியூர் சாலையில் நடக்க ஆரம்பித்தார். நான் பின்னால் ஓடினேன். வழி முழுவதும் சத்தமாக ஜெபித்துக்கொண்டே நடந்தார். நான் கொஞ்ச நேரம் தூக்கிக்கொள்கிறேன் என்று கேட்டேன், கொடுக்கவில்லை. பிள்ளையின் உடம்பு அவர் தோளில் அடுப்புக்கல் மாதிரிக் கொதித்தது.

திருவொற்றியூரை நெருங்கும்போது அவர் நின்றார். பிள்ளையின் முதுகைத் தடவிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"ஒடம்பு குளுந்துகினு வருதும்மே. ஜொரம் வுட்டுடுச்சு. கேட்டுட்டாரு பாரு."

அந்தச் சாலையிலேயே, போகிற வருகிற ஜனங்களுக்கு நடுவில், முகத்தை வானத்துக்கு உயர்த்தி ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். ஒரு தரம் அல்ல, திரும்பத் திரும்பச் சொன்னார். நான்தான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா? அவர் ஸ்தோத்திரம் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு புழுதியில் உட்கார்ந்துவிட்டேன்.

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. பிள்ளையைத் தோளிலிருந்து இறக்காமலே வீடு வரைக்கும் திரும்பி நடந்தார். அடக்கத்தின்போது அழவில்லை. மண் போடச் சொன்னார்கள், போட்டார். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சோறு போட்டால் சாப்பிடுவார். தண்ணீர் எடுத்து வைத்தால் குளிப்பார். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் கோயிலுக்கு வருவார். ஆனால் பாட்டு வந்தால் எழுந்து நிற்கமாட்டார். அவர் குரல் இல்லாமல் எங்கள் சபையில் பாட்டே எடுபடவில்லை.

சாகக் கிடந்தவருக்குக்கூட நான் இத்தனை ஜெபித்திருக்கமாட்டேன். அப்படி ஜெபித்தேன். அதிலும் என் குணம் போகவில்லை. எனக்கு எதுவும் உடனே நடக்கவேண்டும். உலை கொதிக்குமுன் அரிசியைப் போடுகிறவள் என்று என் நாத்தனார் மார்த்தாள் சொல்வாள். ஆண்டவரிடமும் அப்படித்தான். தை பிறக்கும்போது அவரைப் பேசவைத்துவிடும் என்று கேட்டேன். தை போனது. மாசியில் முதல் உப்பு வாருவதற்குள் பேசட்டும் என்றேன். அதுவும் போனது. உயிர்த்தெழுந்த பண்டிகைக்காவது பேசட்டும், அது உமக்கே மகிமையாயிற்றே என்று அவருக்கே யோசனை சொன்னேன். பண்டிகையும் வந்து போனது.

அளத்து வேலை எங்களுக்காகக் காத்திருக்காது. மழைக்காலம் முடிந்ததும் பாத்திகளில் சேற்றைக் கட்டி, காலால் மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டியாக்கவேண்டும். கழிமுகத்துத் தண்ணீரை முதலில் பெரிய பாத்தியில் விட்டு, வெயிலில் வற்றவிட்டு, பிறகு அடுத்ததில், அதற்கு அடுத்ததில் என்று மாற்றிக்கொண்டே வந்தால் கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். வெயில் ஏற ஏற உப்பு ஏறும். ஊரெல்லாம் கத்திரி வெயிலைத் திட்டும்போது எங்களுக்கு அதுதான் அறுப்புக் காலம்.

நான் மாத்தூர்க்காரி. அங்கே நவரை நெல் பால் பிடிக்கும் வெயில் காலத்தில் ஒரு மழைக்காக ஏங்குவோம், ஏரியில் தண்ணீர் இருக்காது. இங்கே வந்ததும் மழை வேண்டாம் என்று ஜெபிக்கப் பழகினேன். ஒரே ஆண்டவரிடம் என் அப்பா மழை கேட்கிறார், நான் வேண்டாம் என்கிறேன், அவருக்கும் எங்கள் குடும்பத்தோடு பாடுதான் என்று என் வீட்டுக்காரர் முன்பெல்லாம் கேலி செய்வார். வருகிற ஊழியர் எல்லாரும் எங்கள் ஊரில் உப்பைப் பற்றியேதான் பிரசங்கிப்பார்கள். அதையும் விடமாட்டார். வீட்டுக்கு வந்ததும் அவர்களைப்போலவே கையை ஆட்டிப் பேசிக் காட்டி எஸ்தரைச் சிரிக்கவைப்பார்.

அந்த வருஷம் பாத்தியை மிதித்ததும் தண்ணீர் மாற்றியதும் நானும் மார்த்தாளும்தான். மார்த்தாள் விதவை. தன் பாத்தியையும் பார்த்துக்கொண்டு எங்கள் பாத்திக்கும் வருவாள். அவரை வீட்டில் தனியாக விட எனக்குப் பயம். அதனால் தினமும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அளத்து ஓரத்தில் இருந்த ஓலைக்கொட்டகையில் உட்காரவைப்பேன். உட்கார்ந்த இடத்திலேயே பொழுது சாயும்வரை இருப்பார். புருஷனும் பெண்சாதியுமாக வேலை செய்தால்தான் பாத்தி, இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வேறு குடும்பத்துக்குப் போய்விடும் என்று கங்காணி ஜாடையாகச் சொல்லிவிட்டுப் போனார். பாத்தி போனால் போகட்டும் என்றிருந்தது எனக்கு. அவர் குரல் திரும்பினால் போதும், பிச்சை எடுத்தாவது பிழைத்துக்கொள்ளலாம்.

அவரை நான் சும்மா விட்டேனா? இல்லை. ஜெபக்கூட்டத்தை வீட்டுக்கே அழைத்து வந்தேன். சுற்றி நின்று தலைமேல் கைவைத்து உரக்க ஜெபித்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார், அவ்வளவுதான். ஒரு நாள் கெஞ்சுவேன், மறுநாள் ஏசுவேன். உமக்கு மட்டுந்தான் பிள்ளையா, நான் எங்கே போய் உட்கார்ந்துகொள்வது என்று கத்தியிருக்கிறேன். ஒரு நாள் எஸ்தரின் பாவாடையை எடுத்து அவர் மடியில் போட்டேன். அழுதால் அடைப்பு உடையும் என்று யாரோ சொன்னார்கள். அவர் அந்தத் துணியை மெல்ல மடித்துத் தரையில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். அதற்குப் பிறகு பல நாள் என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அவரிடம் ஒன்றும் கேட்காத ஆள் ஒருவர்தான் இருந்தார். தண்டையார்பேட்டையிலிருந்து உப்பு ஏற்ற வரும் வண்டிக்காரர் காதர் பாய். மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு நேரே கொட்டகைக்குப் போவார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பீடி பிடிப்பார். பேசமாட்டார். பிறகு எழுந்துபோய் மூட்டை ஏற்றுவார். ஒரு நாள் எனக்கே பொறுக்காமல், நீங்களாவது ஏதாவது கேட்டுப் பார்க்கக் கூடாதா பாய் என்றேன்.

"அவரு பேசணும்னு நான் வர்லம்மா. பக்கத்துல குந்திகினு போலாம்னு வர்றேன்," என்றார்.

இவரும் கைவிட்டுவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன்.

சித்திரை பிறந்தது. உப்பு நன்றாக விளைந்தது. வரப்பில் குவியல் குவியலாக வாரிப் போட்டு ஓலையால் மூடினோம். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. சேற்றில் விட்ட தண்ணீருக்குக்கூடப் பலன் வருகிறது, முழங்கால் தேய ஜெபித்த எனக்கு என்ன வந்தது என்று தோன்றியது. ஒரு நாள் நட்ட நடு வெயிலில், உப்பு வாரும் பலகையைக் கையில் பிடித்தபடியே, ஆண்டவரைப் பார்த்துச் சொன்னேன். நீர் கேட்டுவிட்டீர் என்று நடுரோட்டில் நின்று உமக்கு ஸ்தோத்திரம் சொன்னாரே, அந்த வாயைத்தானா நீர் அடைக்கவேண்டும் என்று கேட்டேன். இனி உம்மிடம் கேட்கமாட்டேன் என்றும் சொன்னேன்.

சொன்னபடியே ஜெபத்தை விட்டுவிட்டேன். கோயிலுக்குப் போவேன், பிறர் கண்ணுக்காக. எல்லாரும் கண்ணை மூடும்போது நான் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். உதடு மட்டும் அசையும். அளத்திலிருந்து வரும்போது கழிமுகம் குறுக்கே வரும். அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்ற சாயங்காலங்கள் உண்டு. அப்போதெல்லாம் கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருக்கிறவரை யார் கூட்டிக்கொண்டு போவார்கள் என்ற நினைப்பு வந்து திரும்பி நடப்பேன். விசுவாசத்தால் திரும்பினேன் என்று சொன்னால் அது பொய்.

மார்த்தாளும் நொந்துபோயிருந்தாள். திருவொற்றியூரில் ஒருவர் மந்திரித்துக் கயிறு கட்டுகிறார், பேச்சு வராத பிள்ளைக்குக்கூடப் பேச்சு வந்திருக்கிறதாம் என்று மாசியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சீறி விழுவேன். அவளைக் குறை சொல்லமாட்டேன். அவளுக்கும் அவர் கூடப் பிறந்த ஒரே தம்பி. வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் திரும்பவும் அந்தப் பேச்சை எடுத்தபோது நான் சீறவில்லை. சரி, ஞாயிறு கழியட்டும், திங்கட்கிழமை போகலாம் என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். நான் சம்மதித்ததில் அவளுக்கே பயம் வந்துவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் கடைசிப் பாத்திகளில் உப்பு முற்றி நின்றது. முழங்கை நனையாத தண்ணீருக்கு அடியில் வெள்ளை வெளேரென்று தடித்துப் படிந்திருந்தது. அந்த வருஷத்திலேயே நல்ல விளைச்சல் அதுதான். செவ்வாய்க்கிழமை வாருவதாக இருந்தோம். மத்தியானம் திரும்பியதும் மணலிப் பக்கம் வானம் இருண்டது. கோடை மழை அந்தப் பக்கத்தோடு போய்விடும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே புழுதிக் காற்று வந்தது. குவியலை மூடு, குவியலை மூடு என்று அளம் முழுவதும் கூக்குரல். மார்த்தாள் ஓலையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடினாள். நானும் இரண்டு குவியலை மூடினேன். அதற்குள் மழை விழுந்துவிட்டது.

பெரும் பெரும் துளி. பாத்தி முழுவதும் குத்தியது. என் கண்ணெதிரே உப்பின் மேல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குள் ஏதோ அறுந்தது. பிள்ளையை எடுத்துக்கொண்டாய், புருஷனை எடுத்துக்கொண்டாய், இதையும் எடுத்துக்கொள்கிறாயா என்று மரியாதைகூட இல்லாமல் ஆண்டவரைக் கேட்டேன். பலகையை எடுத்தேன். மாத்தூரில் களத்தில் கிடக்கும் கதிர்க்கட்டின்மேல் மழை வந்தால் நனைய நனைய ஓடி அள்ளுவோம். அந்த ஓட்டம் என் காலில் ஊறிப்போனது. உப்பளத்தில் எத்தனை வருஷம் இருந்தாலும் மாத்தூர்க் கால் மாத்தூர்க் கால்தான். வருகிறது வரட்டும், கைக்கு வந்ததையாவது வாரிப் போடுவோம் என்று வரப்பிலிருந்து பாத்திக்குள் ஒரு காலைத் தூக்கினேன்.

"உள்ள கால வைக்காதம்மே!"

தூக்கிய கால் தூக்கியபடி நின்றேன். மார்த்தாள் கையிலிருந்த ஓலை கீழே விழுந்தது. பல நாள் பூட்டிக் கிடந்த கதவைத் திறந்ததுபோல் அந்தக் குரல் கரகரத்தது. ஆனால் அவர் குரல்தான். திரும்பினேன். கொட்டகைக்கு வெளியே மழையில் நின்றிருந்தார். ஓடி வந்தார். என் கையிலிருந்த பலகையை வாங்கி வரப்பில் போட்டார்.

"கலக்காத. மேல கீறது மழத்தண்ணி. அடியில உப்பு அப்டியே கீது. வுடு."

உப்பளத்தில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். எனக்கும் தெரிந்ததுதான். மழைத்தண்ணீர் இலேசானது, முற்றிய உப்புத் தண்ணீர் கனமானது. கலக்காமல் விட்டால் மழைத்தண்ணீர் மேலேயே நிற்கும். நிதானமாக அதை மட்டும் வடித்துவிட்டால் அடியில் உள்ளது பிழைக்கும். பதறிப்போய் உள்ளே இறங்கினால் இரண்டும் கலந்து எல்லா உப்பும் கரைந்துபோகும். தெரிந்தும் நான் காலைத் தூக்கினேன். நம்பிக்கை போய்விட்டால் தெரிந்ததுகூட உதவிக்கு வருவதில்லை.

மழை நிற்கும்வரை மூன்று பேரும் வரப்பில் நின்றோம். உப்பின் மேல் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் நிற்பது எத்தனை கொடுமை என்று அன்று அறிந்தேன். மழை விட்டதும் அவர் வரப்பின்மேல் குப்புறப் படுத்து, விரலால் மண்ணைக் கொஞ்சமாகத் தோண்டி, மேல் தண்ணீர் மட்டும் நூலாக வடியும்படி ஒரு வாய் திறந்தார். தண்ணீர் வேகம் எடுத்தால் மண்ணை வைத்து அடைப்பார், பிறகு திறப்பார். பொழுது சாயும்வரை பாத்தி பாத்தியாக இதையே செய்தார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசினால் எங்கே மறுபடி பூட்டிக்கொள்ளுமோ என்று பயம். என் நாக்கை நான் அடக்கியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை என்று மார்த்தாள் சாட்சி சொல்வாள்.

திங்கட்கிழமை திருவொற்றியூருக்கு யாரும் போகவில்லை. மார்த்தாளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. செவ்வாய்க்கிழமை அவரே பலகையை எடுத்துப் பாத்தியில் இறங்கினார். உப்பு இருந்தது. முன்பிருந்த கனம் இல்லை, மேலாகக் கொஞ்சம் கரைந்துதான் இருந்தது. ஆனால் இருந்தது. மத்தியானம் மூன்று பேரும் கொட்டகையில் உட்கார்ந்து கஞ்சி குடித்தோம். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கஞ்சில உப்பு இல்ல."

உப்பளத்து நடுவில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறார். மார்த்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுகையில் போய் முடித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் வரப்பில் வாரிப்போட்ட உப்பில் ஒரு சிட்டிகை கிள்ளிக் கஞ்சியில் போட்டுக்கொண்டார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் கேட்க நன்றாயிருக்கும். அப்படி நடக்கவில்லை. நாளுக்கு இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. சில நாள் ஒன்றுமே இல்லை. அந்த நாட்களில் எனக்குப் பழைய கோபம் தலைக்கு ஏறும். வாய் திறக்கப் போவேன், பாத்தியில் தூக்கிய கால் நினைவுக்கு வரும், மூடிக்கொள்வேன். காதர் பாய் ஏன் கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. நானும் அவர் பக்கத்தில் போய்ச் சும்மா உட்காரப் பழகினேன். எனக்கு அது உப்பு வாருவதைவிடக் கஷ்டமான வேலை.

ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம் அளத்திலிருந்து வரும் வழியில் கழிமுகத்துக் கரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அவ செத்துகினு இருக்கசொல்ல நான் ஸ்தோத்திரம் சொன்னேம்மே. ஊர் கேக்கச் சொன்னேன்."

என்னிடம் ஆயிரம் பதில் வந்தது. ஆண்டவர் கோபிக்கமாட்டார், உமக்குத் தெரியாதே, பிள்ளை சமாதானமாகத்தான் போனாள், இப்படி எத்தனையோ. எல்லாம் நாக்கின் நுனி வரை வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அழுதார். பிள்ளை போனபோது அழாத அழுகையெல்லாம் அழுதார். இருட்டும்வரை அங்கேயே இருந்தோம். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, இரண்டு மாதம் கழித்து, நான் முழங்காலில் நின்றேன். கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. நான் விட்டுப் போன இடத்தில் ஆண்டவர் இருந்தார் என்று மட்டும் தெரிந்தது.

எங்கள் சபையில் உப்பு வாரும் காலம் முடிந்ததும் அறுப்பின் பண்டிகை. மணலிப் பக்கத்தார் நெல்லும் காய்கறியும் கொண்டுவருவார்கள், மீன்பிடிக்கிறவர்கள் கருவாடு கொண்டுவருவார்கள், நாங்கள் உப்பு. ஒவ்வொருவரும் பீடத்தண்டை வந்து, எதற்காக நன்றி சொல்லுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிப் படைப்பது எங்கள் வழக்கம். நல்ல விளைச்சலுக்காக, சுகத்துக்காக, பிரசவத்துக்காக என்று சொல்வார்கள்.

அந்த வருஷம் மழைக்குத் தப்பிய பாத்தியின் உப்பில் ஒரு கூடை எடுத்து வைத்திருந்தோம். எங்கள் முறை வந்ததும் அவரே கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். இறக்கி வைத்தார். எதற்காக என்று சபையை நடத்துகிற உபதேசியார் வழக்கப்படி கேட்டார். என் வீட்டுக்காரர் பேசாமல் நின்றார். யாரோ பின்னாலிருந்து, குரல் திரும்பியதற்கு என்று சொல்லுங்கள் அண்ணே என்று எடுத்துக்கொடுத்தார்கள். உபதேசியார் கையை உயர்த்தி அவர்களை அமர்த்தினார். பழைய பாக்கியமாயிருந்தால் எழுந்துபோய் நானே சொல்லியிருப்பேன். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன்.

"எங்க எஸ்தருக்காக," என்றார். பிள்ளை போனபின் அந்தப் பெயரை அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன். "நாலு வருசம் குடுத்தாரே. அதுக்கு."

இப்போது சில வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் பேசுகிறார், பாடுகிறார், அளத்தில் கேலியும் உண்டு. மார்கழி வந்தால் சில நாள் மௌனமாகிவிடுவார். அப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எஸ்தர் ஏன் போனாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன். துக்க வீடுகளுக்கு இருவரும் போகிறோம். போய் உட்காருகிறோம். ஆறுதல் வார்த்தை தேடுவதில்லை. அவர்களாகப் பேசினால் கேட்கிறோம். ஆண்டவர் எனக்குச் செய்ததும் அதுதானே. நான் கத்தினேன், ஏசினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் பதறவும் இல்லை, எழுந்துபோகவும் இல்லை.

விசுவாசத்தில் உறுதியாயிருக்கிறவர்களுக்கு என் சாட்சி அவ்வளவாகத் தேவைப்படாது. அவர்களுக்கு வேறு நல்ல சாட்சிகள் உண்டு. கோயிலில் எல்லாரும் கண்ணை மூடும்போது திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதினேன். கேட்டுக் கேட்டு அலுத்து, இனி கேட்கமாட்டேன் என்று முடித்துவிட்டீர்கள். நானும் அப்படித்தான் முடித்தேன். ஜெபித்த நாளெல்லாம் வராத பதில், ஜெபத்தை விட்டுவிட்டிருந்தபோது வந்தது. என் விசுவாசத்தைப் பார்த்து அவர் கொடுக்கவில்லை. அன்று என்னிடம் அது இருக்கவே இல்லை. ஆகையால் இன்று உங்களால் ஜெபிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, வந்து எங்கள் பக்கத்தில் உட்காருங்கள். முன்பு நீங்கள் கேட்டதை அவர் இன்னும் மறக்கவில்லை.